தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே

அமலி,

போனில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஏழாம் மாசம் வளையல் போட்டதும் உன்கூடவே கெளம்பி வந்துடறேம்மா. நைனாவ நண்டு புட்ச்சி வெக்கச் சொல்லு. எனுக்கு வேற ஒண்ணியும் துன்னப் புடிக்கல" என்றாய். திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில் 'இருக்குது' என்று அழகாகப் பேசுகிறவள், என்னிடம் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே 'கீது'க்கு வந்துவிடுகிறாய். அதைக் கேட்பதற்காகவே நான் போனை வைக்க மாட்டேன். அன்றைக்கு மட்டும் "ம்" என்றேன், அதற்கு மேல் வரவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, "அம்மா, கீறியா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. வராதே, கண்ணு. தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு வராதே.

படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். சின்ன வயசில் தட்டைத் தூக்கி எறிவாயே, அந்தக் கோபம் என்னிடமிருந்து வந்ததுதான், எனக்குத் தெரியாதா? பெற்றவள் பெண்ணை முதல் பிரசவத்துக்கு வேண்டாம் என்பாளா, ஊரில் எவளாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா என்று நினைப்பாய். உன் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வக்கில்லாத குடும்பம், ஒரு பிரசவம் பார்க்கத் துப்பில்லை என்பார்கள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நம் தெருவிலேயே அதைத்தான் பேசப்போகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நீ மட்டும் பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உனக்கு என் தொழில் தெரியும். எர்ணாவூர் ரோட்டோரத்தில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, மீன் வாங்கி வருகிறவர்களுக்கு ஆய்ந்து கொடுக்கிறவள். வஞ்சிரம், சங்கரா எல்லாம் பிரச்சினை இல்லை. விலாங்கும் கெளுத்தியும் வந்தால்தான் பேஜாரு. கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்குச் சாம்பல் வேண்டும். கையில் ஒரு பிடி சாம்பலைத் தேய்த்துக்கொண்டு மீன்மேலும் தூவினால்தான் பிடி கிடைக்கும், வழவழப்பும் போகும். ராயபுரத்தில் என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். அப்போதெல்லாம் விறகு அடுப்பு, சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. கேஸ் வந்த பிறகு வீட்டில் சாம்பல் ஏது? டீக்கடையில் கேட்டு வாங்கினேன், செங்கல் தூள் போட்டுப் பார்த்தேன், உமி எரித்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. அப்போதுதான் உன் அப்பா ஒருநாள் ஆற்றிலிருந்து வரும்போது படகில் ஒரு பக்கெட் நிறையக் கொண்டுவந்தார். "தோ பாரு, எம்மாம் சோக்கா கீது. அக்கரையில மலை மாரி கொட்டிக் கெடக்குது, கேக்க ஆளில்ல" என்றார். முகத்துக்குப் போடுகிற பவுடர்போல அவ்வளவு மெத்தென்று இருந்தது. கல் இல்லை, கரி இல்லை, சலிக்க வேண்டியதே இல்லை. விலாங்கைப் பிடித்தால் அப்படியே நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் "எனுக்கும் கொஞ்சம் குடுக்கா" என்று கேட்டு வாங்கிப்போனார்கள். அன்றைக்கு உன் அப்பாவைப் பற்றி எனக்கு அப்படி ஒரு பெருமை.

அது அனல்மின் நிலையத்துச் சாம்பல். நிலக்கரியை எரித்து மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் நம் ஆற்றைத் தாண்டித்தான் போகிறது. எங்கே போகிறது என்று கேட்டால் 'சாம்பல் குளம்' என்பார்கள். குழாய் ஓட்டையானால் எல்லாம் ஆற்றில்தான். தண்ணீர் சிமெண்ட் கரைத்ததுபோல வரும், வெயிலில் காய்ந்தால் கரையெல்லாம் சாம்பல் திட்டு. இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாம்பல், குளம். இதில் பயப்பட என்ன இருக்கிறது, நீயே சொல். நம் பேச்சில் சாம்பல் என்றைக்காவது அழுக்காக இருந்திருக்கிறதா? அதுதானே அழுக்கை எடுப்பது. பாத்திரம் தேய்க்க, பல் விளக்க, செடிக்குப் பூச்சி வராமலிருக்கத் தூவ எல்லாம் அதுதான். இந்துக்கள் தினமும் நெற்றியில் இடுகிறார்கள், நாம் சாம்பல் புதனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இட்டுக்கொள்கிறோம். 'விஷம்' என்று ஒரு போர்டு வைத்திருந்தால் ஓடியிருப்போம். 'கழிவு' என்று சொல்லியிருந்தாலும் ஒரு யோசனை வந்திருக்கும். சாம்பல் என்றார்கள், குளம் என்றார்கள். நாம் பக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். கரியோடு பழகிய ஊர்களில் இப்படி ஒருத்தரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். மீனோடு பழகிய நாம்தான் ஏமாந்தோம்.

வீடு கட்டினோமே, நினைவிருக்கிறதா? மழை வந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது என்று தரையை உயர்த்தினோம். மண் வாங்கி மாளாது என்று தெருவில் எல்லாரும் அதையேதான் அடித்தார்கள். நாமும் அடித்தோம். சிமெண்ட் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் வெறும் சாம்பல்தான் தரை. நீ அதில் உட்கார்ந்து வீடு கட்டி விளையாடினாய், காலை உள்ளே விட்டுத் தட்டித் தட்டி. தலையெல்லாம் சாம்பலாக வந்து நிற்பாய், "கெயவி மாரி கீறா பாரு" என்று உன் அப்பா சிரிப்பார். நானும் சிரித்தேன். இப்போது அந்தத் தரையில்தான் பாய் போட்டுப் படுக்கிறோம். சிமெண்ட் மூலையில் வெடித்திருக்கிறது. பெருக்கினால் அந்த வெடிப்பிலிருந்து மெல்லிசாகத் தூள் வருகிறது. ஈரத்துணியால் துடைக்கிறேன், மறுநாள் மறுபடியும் வருகிறது. உன் பிள்ளை தவழ்ந்தால் இதில்தான் தவழ வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம் மாதா கோயில் மண்டபத்தில் ரத்தம் பார்க்கிற முகாம் ஒன்று போட்டார்கள். எனக்குக் கொஞ்ச காலமாகவே வயிற்றுவலி, உடம்பெல்லாம் அசதி, கால் எலும்பெல்லாம் குடைச்சல். சர்க்கரை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போய், அப்புறம் ஒருநாள் கூப்பிட்டார்கள். டாக்டர் உன் வயசுப் பெண். என் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள், தடித்துச் சொரசொரவென்று இருந்தது. என்ன வேலை, என்ன தண்ணீர், என்ன மீன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் மீன் ஆய்வதைச் சொன்னேன், சாம்பல் தேய்ப்பதைச் சொன்னேன். "எந்தச் சாம்பல்மா?" என்றாள். "ஆத்தாண்ட கெடக்குமே, அதான்" என்றேன்.

அவள்தான் சொன்னாள். நிலக்கரி பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுப்பது. பூமிக்குள் அதோடு சேர்ந்து ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று என்னென்னவோ துளித்துளியாக இருக்குமாம். "கரி எரிஞ்சு போயிடும்மா. ஈயம் எரிஞ்சு போகாது. கரி போகப் போக, மிச்சமிருக்கற சாம்பல்ல அதெல்லாம் சேர்ந்துக்கும்" என்றாள். அது தண்ணீரில் இறங்குகிறது, சேற்றில் தங்குகிறது. சேற்றைத் தின்கிற நண்டும் சிப்பியும் அதை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. என் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றாள். இருக்க வேண்டியதற்கு மேல் இருக்கிறதாம். நான், "போவட்டும்மா, எனுக்கு வயசாயிடிச்சி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் வாய் சும்மா இருக்காமல் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெண் மாசமாக இருக்கிறாள், திண்டுக்கல்லில் இருக்கிறாள், பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன், அமலி.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "பொண்ணு இங்கேயே பொறந்து வளர்ந்தவளாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவங்க கட்டாயம் ரத்தம் பாக்கணும். ஈயம் எலும்புல போய்த் தங்கும். ஊரை விட்டுப் போனாலும் அது போகாது, வருஷக்கணக்கா இருக்கும். மாசமா இருக்கும்போது குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். சாப்பாட்டுல போதலைன்னா உடம்பு தன் எலும்பையே கரைச்சுக் கொடுக்கும். அப்ப கூடவே இதுவும் போகும்" என்றாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நான் உன்னை வயிற்றில் வைத்திருந்த மாசங்களைத்தான் நினைத்தேன். நீ நன்றாக வளர வேண்டும் என்று வாய்க்கு ருசியாக இந்த ஆற்று நண்டைத்தான் தின்றேன். என் எலும்பு கரைந்து உனக்குப் போயிருக்கிறது. உன் எலும்பு கரைந்து இப்போது உன் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நீ இருப்பதோ திண்டுக்கல்லில். அங்கே ஆறும் இல்லை, குழாயும் இல்லை. ஆனாலும் இந்த ஊர் உனக்குள் இருந்து உன் பிள்ளைக்குப் போகிறது.

பயப்படுத்துவதற்காக எழுதவில்லை. இருக்கிறதை ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டேன். செய்யலாம் என்றாள். பால், தயிர், கேழ்வரகு, கீரை, முட்டை என்று நன்றாகச் சாப்பிட்டால், டாக்டர் கொடுக்கிற சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டால், எலும்பிலிருந்து எடுப்பது குறையும். வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது. "புதுசா உள்ள போகாம பாத்துக்கறதுதாம்மா முக்கியம்" என்று அழுத்திச் சொன்னாள். புதுசாக என்றால் இந்தத் தரை, இந்தக் காற்று, இந்தத் தண்ணீர், உன் அப்பா பிடிக்கிற நண்டு. நீ ஆசைப்பட்டுக் கேட்டாயே, அந்த நண்டு.

பக்கத்து வீட்டு லூர்து அக்காவின் பெண் ஜெசியை நினைத்துப் பார். உன்னோடு பள்ளிக்கூடம் போனவள். முதல் பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். லூர்து அக்கா ஒரு குறை வைத்தாளா? வைக்கவில்லை. பையன் பிறந்தான், மூக்கும் முழியுமாக இருந்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் போடுகிற வயசு. ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டே இருப்பான். லூர்து அக்காவும் அவனைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்திருந்தாள். இதனாலா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். "இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்ல முடியல" என்றாள் அந்தப் பெண். பொய் சொல்லியிருக்கலாம். எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அன்றையிலிருந்து லூர்து அக்கா குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "நானு இன்னா கொற வெச்சேன், சொல்லு. தெனமும் நண்டுச் சாறு வெச்சிக் குட்த்தேன். பால் ஊறணும்னு சுறாப்புட்டு செஞ்சிக் குட்த்தேன். நல்லதுதானே குட்த்தேன்?" என்கிறாள். நல்லதுதான் கொடுத்தாய் அக்கா என்று நானும் தினமும் சொல்கிறேன். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நிற்கிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அமலி. நாளைக்கு நான் அப்படி யாரிடமாவது போய்க் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன்.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்குக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெற்றியை நீட்டிக்கொண்டு போகிறார்கள். சாமியார் கையில் கிண்ணம். அது குருத்தோலையை எரித்த சாம்பல், போன வருஷத்து ஓலை, அதில் ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் முறை வரும்போது, நெற்றியில் அந்த விரல் படுவதை நினைத்ததும் உடம்பு கூசியது. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். மாதா மன்னிப்பாளோ, மாட்டாளோ. பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட நான் விட்டதில்லை.

உன் அப்பாவிடம் சொன்னபோது வீட்டில் பெரிய ரகளை. அவர் உனக்காகச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார், தூளி கட்டக் கொக்கி மாட்டியாகிவிட்டது. "இன்னா பேச்சு பேசற நீ? பெத்த வூட்டுக்கு வராம பொண்ணு எங்க போவும்? அவ மாமியார்க்காரி நம்மள இன்னா நெனப்பா?" என்று கத்தினார். "நானு இந்தத் தண்ணியிலயே பொறந்து இதுலயே வளந்தவன். எனுக்கு இன்னா கேடு வந்துடிச்சி?" என்றார். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "உனுக்கு ஒண்ணுமில்லியா? வலை தைக்க ஊசி புடிச்சா கை ஆடுதே, அது இன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தன் கை நடுங்குவது எனக்குத் தெரியாது என்று அந்த மனுஷன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் தின்பார், எழுந்து போவார்.

அந்தப் பேச்சில்லாத நாட்களில் ஒருநாள், வழக்கம்போல ஆற்றில் பிடித்ததை என் பக்கத்தில் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நல்ல நண்டு, கால் கட்டிப்போட்டது, எல்லாம் உயிரோடு. ஒரு அம்மா வந்தாள். நம்மைப்போல ஏழைப்பட்டவள்தான், எர்ணாவூர் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறவளாம். "கொமட்டிக்கினே கீறா, ஒண்ணியும் துன்ன மாட்டேங்கறா. நண்டு வேணும்ன்றா எம் மருமவ" என்று சொல்லிக்கொண்டே நண்டைப் பொறுக்கினாள். உன் அப்பா கூடையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது வேணாம்மா. புள்ளத்தாச்சிக்கு இது வேணாம். காசிமேட்டுக்குப் போயி கடல் நண்டா பாத்து வாங்கிக்கோ" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாபா, இருக்கற சரக்க வெச்சிக்கினு இல்லன்ற" என்று திட்டிவிட்டுப் போனாள். உன் அப்பா கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். என் பக்கம் திரும்பவே இல்லை. "எய்து. அவள வராதன்னு எய்து" என்றார். அவ்வளவுதான். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். நம் பெண்ணுக்கு ஆகாது என்பதை ஊரார் பெண்ணுக்கு விற்கலாமா? அன்றைக்குப் பிறகு மாசமாக இருக்கிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று தெரிந்தால் அவர் விற்பதில்லை. மற்றவர்களுக்கு விற்கிறார். விற்காவிட்டால் அடுப்பு எரியாது. நான் இப்போது சாம்பலைத் தொடுவதில்லை, கல் உப்புதான் தேய்க்கிறேன். கை வெட்டிலெல்லாம் எரிகிறது. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னால், "சும்மா டபாய்க்காதக்கா, இத்தினி வருசமா ஒண்ணியும் ஆவல" என்று சிரிக்கிறார்கள். நான் கொடுத்துப் பழக்கிய சாம்பல்தான் அவர்கள் கையில் இன்னும் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் கஷ்டம். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஊர் எது என்று கேட்டார்களே, நாம் என்ன சொன்னோம்? திருவொற்றியூர் என்றோம். எண்ணூர் என்றால் "அங்க புகைதானே" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள், பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்று நம் தெருவில் எல்லாருமே பெண்ணுக்கு அப்படித்தான் சொல்கிறோம். பையன் வீட்டுக்காரர்களைக்கூட ராயபுரத்தில் உன் மாமா வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். நீயும் அதையே சொல்லிப் பழகிவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் சீட்டில் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறாய்? திருவொற்றியூர் என்றுதானே? அதைப் பார்த்து எந்த டாக்டருக்கு உன் ரத்தத்தில் ஈயம் பார்க்கத் தோன்றும்? அடுத்த முறை போகும்போது வாயைத் திறந்து சொல். முகத்துவாரக்குப்பம், ஆற்றங்கரை, சாம்பல் அடித்த தரை, ஆற்று நண்டு தின்று வளர்ந்தவள், அம்மாவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, எனக்கும் பாருங்கள் என்று சொல். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் மறுபடியும் சொல். வெட்கப்படாதே. இந்த வெட்கம் நமக்கு உரியதே இல்லை. குழாயை ஒழுகவிட்டவனுக்கு வராத வெட்கம் உனக்கு எதற்கு?

மாப்பிள்ளையிடம் முதலில் சொல். நல்ல பையன், உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டான். உன் மாமியார் கோபிப்பார், மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று நாலு பேரிடம் சொல்வார். சொல்லட்டும். நேரில் வரும்போது நான் அவர் காலில் விழுவதானாலும் விழுகிறேன், எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. உனக்கு ஒரு பேச்சு வந்தால் மட்டும் என்னிடம் சொல், அப்புறம் நான் பேசுகிறேன். எனக்கு வாய் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

வளையல் போட வருகிறேன். போட்டதும் உன்னை அழைத்து வர மாட்டேன், நான் அங்கேயே தங்கிவிடுவேன். சம்பந்தி வீட்டில் பெண்ணைப் பெற்றவள் போய் உட்கார்ந்து பிரசவம் பார்ப்பதை யாரும் மரியாதையாக நினைக்க மாட்டார்கள். சமையல்கட்டில் ஒரு மூலை கொடுத்தால் போதும். பாத்திரம் தேய்ப்பேன், துணி துவைப்பேன், உனக்கும் பிள்ளைக்கும் குளிக்க ஊற்றுவேன். இங்கிருந்து ஒன்றும் கொண்டுவர மாட்டேன். கருவாடு கேட்காதே, இறால் ஊறுகாய் கேட்காதே. உன் பிள்ளையின் தொட்டில் துணிக்கு என் பழைய புடவையைக் கிழித்துத் தரவேண்டும் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். அதையும் வைத்துவிட்டு வருகிறேன். அங்கே கடையில் வாங்கிக்கொள்வோம். உன் அப்பாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. பிள்ளையைப் போனில் காட்டினால் போதும் என்கிறார். "மூஞ்சி தெரிஞ்சா போறாது? கை கால் ஆட்டறது தெரிஞ்சா போறாது?" என்று என்னிடமே கேட்கிறார்.

இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுத மனசு வராது. நாங்கள் இங்கேதான் இருப்போம். உன் அப்பாவுக்கு வேறு தண்ணீர் தெரியாது, எனக்கு அவரை விட்டால் வேறு இடம் தெரியாது. என்றைக்காவது உனக்கு இங்கிருந்து ஒரு போன் வரும், எனக்காகவோ அவருக்காகவோ. அன்றைக்கு வா. வராமல் இருக்காதே. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வராதே. ராயபுரத்தில் மாமா வீட்டில் மாப்பிள்ளையோடு விட்டுவிட்டு நீ மட்டும் வா. அழு, எவ்வளவு வேண்டுமானாலும் அழு, தரையில் மட்டும் விழுந்து அழாதே. இங்கே தண்ணீர் கொடுப்பார்கள், குடிக்காதே. கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொல்வார்கள். போடு, பெற்றவளுக்கு அதைக்கூடப் போடாமல் இருக்காதே. போட்டுவிட்டு நேராகக் குழாயடிக்குப் போ. சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்து, நன்றாகக் கழுவு. கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.